எல்லோரும் இறங்கிய கிணறு

கந்தசாமி செத்துப்போன பிறகும் சனிக்கிழமை கடைசி பீரியடில் பேசிக்கொண்டிருந்தான். நான் பேய் பிசாசை நம்புகிறவள் இல்லை. எங்கள் அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். ராத்திரி பூராவும் கடைசிப் பெட்டியில் தனியாகப் போய்வந்து, "ஒண்ணும் கிடையாது, எல்லாம் காத்து" என்று சொல்லிச் சொல்லியே எங்களை வளர்த்தார். ஆனாலும் சொல்கிறேன், அவன் பேசினான். இந்தக் காதால்தான் கேட்டேன்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். மைசூரில், பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்புத் தகவல் பீரோவில் நான் அதிகாரி. ஏதோ பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு அறை, ஒரு மேஜை, ஒரு இரும்பு அலமாரி, அவ்வளவுதான். பையன்கள் படிப்பை முடித்து, சர்டிபிகேட்டைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு, "மேடம், இனிமே என்ன செய்யறது?" என்று வந்து நிற்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தாலி கட்டிவிட்டு ஜாதகம் பார்க்க வருகிற மாதிரி இருக்கும். சேரும்போதே கேட்டிருந்தால் நாலு வழி சொல்லியிருப்பேன்.

அதனால்தான் அந்த யோசனையைச் செய்தேன். ஒவ்வொரு துறையிலும் பாடத்தோடு பாடமாக வாரத்துக்கு ஒரு பீரியட். இதைப் படித்தவன் எங்கெங்கே போகலாம், அங்கே என்ன செய்வார்கள், நாலு பேர் முன்னால் உட்கார்ந்து எப்படிப் பேசுவது, இதெல்லாம் அந்தப் பீரியடில். துறை ஆசிரியரும் நானும் சேர்ந்து நடத்த வேண்டும். ஒவ்வொரு துறைத் தலைவராகப் போய்ப் பார்த்தேன். சரித்திரத் துறைக்காரர், "நாங்க பாடம் சொல்லித் தரோம். வேலை தேடித் தரது உங்க பாடு" என்றார். கணிதத் துறைக்காரர் காபி மட்டும் கொடுத்து அனுப்பினார். சரி என்றவர் ஜியாலஜி துறைத் தலைவர் கிருஷ்ணஸ்வாமி ஒருவர்தான். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து, பிள்ளைகளும் இல்லாத மனிதர். கல்லும் மாணவர்களும்தான் அவருக்கு வீடு வாசல் எல்லாம்.

வகுப்பறைச் சுவர் ஓரமாகக் கண்ணாடிப் பெட்டிகளில் கற்கள் இருக்கும். ஜன்னலில் சாமுண்டி மலை தெரியும். சனிக்கிழமை கடைசி பீரியடில் நடுவில் ஒரு நாற்காலி போடுவோம். கிருஷ்ணஸ்வாமியும் நானும் எதிரே இன்டர்வியூ போர்டு மாதிரி உட்கார்ந்துகொள்வோம். ஒவ்வொருவராக வந்து உட்கார வேண்டும். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்."

பீரியட் ஆரம்பித்த முதல் வருஷம் பையன்கள் பெயர், அப்பா பெயர், மார்க் இந்த மூன்றையும் சொல்லிவிட்டு விட்டத்தைப் பார்த்தார்கள். கந்தசாமி ஒருவன்தான் பேசினான். ஹனூர் பக்கம் ராமாபுரத்துப் பையன். சட்டையின் கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பான். தட்டுத் தடுமாறிய இங்கிலீஷில் அவன் சொன்னது இதுதான்:

"எங்கள் ஊர் ராமாபுரம். எங்கள் நிலத்தில் ஒரு கிணறு வெட்டினோம். தண்ணீர் வரவில்லை. இன்னும் வெட்டு என்றார்கள். வெட்டினோம். பாறைதான் வந்தது. ஒரு நாள் நான் அதன் அடிவரை இறங்கி மேலே பார்த்தேன். வானம் ஒரு தட்டு அளவுக்குத் தெரிந்தது. இங்கே வெட்டாதே என்று சொல்ல ஊரில் ஒருவர்கூட இல்லையே என்று நினைத்தேன். அந்த ஒருவராக ஆகத்தான் வந்திருக்கிறேன்."

தட்டு என்று சொல்லும் முன்னால் எச்சில் விழுங்கினான். பிறகு இரண்டு கைகளையும் நெற்றிக்கு மேலே தூக்கி, விரல்களை வட்டமாகக் குவித்து, அதன் வழியாக அண்ணாந்து பார்த்தான். கிருஷ்ணஸ்வாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிலத்தடி நீர் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் முதல் இன்டர்வியூவிலேயே அவனுக்கு வேலை கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னேன். வருஷம் திரும்புவதற்குள், குண்டலுபேட்டை பக்கம் பாழடைந்த கிணறு ஒன்றில் பாறையைப் பார்க்க இறங்கினான். உள்ளே கெட்ட காற்று. கூட வந்தவர்கள் அளவு டேப் எடுக்க ஜீப்புக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்து கூப்பிட்டபோது பதில் இல்லை. எங்களுக்குச் செய்தி வந்தபோது ராமாபுரத்தில் எல்லாக் காரியமும் முடிந்திருந்தது.

அடுத்த ஜூனில் புது வகுப்பு. முதல் சனிக்கிழமை கிருஷ்ணஸ்வாமி எழுந்து நின்று, "எழுதிக்கோங்கோ" என்றார். கந்தசாமி சொன்னதை, ஒரு வார்த்தை பிசகாமல், நினைவிலிருந்து சொன்னார். தட்டுக்கு முன்னால் தொண்டை அடைத்து அவரும் எச்சில் விழுங்கினார். நான் அதை அஞ்சலி என்று நினைத்தேன். ஆனால் எங்கள் ஊர்களில் புரொபசர் எழுதிக்கொள் என்று சொன்னால் அது நோட்ஸ். நோட்ஸ் என்றால் மனப்பாடம். மனப்பாடம் செய்ததைக் கமா கூடக் குறையாமல் திருப்பிக் கொட்டினால்தான் பாஸ். எரிமலைப் பாறையை அப்படித்தான் படித்தார்கள். தங்களைப் பற்றியும் அப்படியே படித்துவிட்டார்கள்.

லட்சுமிபுரத்து வக்கீல் மகன் வந்து உட்கார்ந்தான். பிறந்ததிலிருந்து குழாயைத் தவிர வேறு தண்ணீர் பார்த்திராத பிள்ளை. "எங்கள் ஊர் ராமாபுரம்" என்று ஆரம்பித்தான். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்து வந்தவன் குடகில் காப்பித் தோட்டக்காரர் மகன். அவனும் ராமாபுரம். அவனும் கிணற்றில் இறங்கினான். தட்டுக்கு முன்னால் அவனும் எச்சில் விழுங்கினான். புரொபசருக்குத் தொண்டை அடைத்த இடத்தையும் 'இங்கே நிறுத்தவும்' என்று நோட்டில் குறித்திருந்தார்கள்.

வாரா வாரம் இதுவே நடந்தது. சாயங்கால வெளிச்சம் கற்பெட்டிகளின் மேல் விழும். ஒவ்வொரு வாயாக மாறி மாறி ஒரே பேச்சு வரும். கண்ணை மூடிக்கொண்டால் எதிரே கந்தசாமி. கண்ணைத் திறந்தால் வேறு யாரோ. அவன் எங்களைத் தேடி வந்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. நாங்கள்தான் அவனைச் சனிக்கிழமைதோறும் திரும்பத் திரும்ப அந்தக் கிணற்றுக்குள் இறக்கிக்கொண்டிருந்தோம். மேலே ஏற்றிவிட ஒருவரும் இல்லை.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் கிருஷ்ணஸ்வாமியிடம் கேட்டே விட்டேன்.

"என்ன சார் இது? அநியாயமா இருக்கே. ஒவ்வொருத்தனும் தன்னைப் பத்திச் சொல்லத்தானே இந்தப் பீரியடே கேட்டு வாங்கினோம்? இதை நிறுத்துங்கோ."

"இர்லி பிடும்மா, இருந்துட்டுப் போகட்டும். நல்லாத்தானே சொல்லியிருக்கான்."

"அவன் சொன்னது அவனுக்கு நல்லா இருந்தது சார்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "மீனாக்ஷி, அவன் குரல் இந்த ரூம்ல கொஞ்சம் இருக்கட்டுமே. எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது? எழுந்து வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து பாத்திரங்களைப் போட்டு உருட்டினேன்.

மைசூர் ராஜ்யம் கர்நாடகம் என்று பெயர் மாறி, எங்கள் வாசல் போர்டை மாற்றி எழுத பெயின்டர் வந்த வருஷம் அது. அந்த வருஷத்து வகுப்பில் ஒரே ஒரு பெண். பெயர் ஆண்டாள். விண்ணப்பத்தில் குண்டலுபேட்டை விலாசம் கொடுத்திருந்தாள். அதிகம் பேசாத பெண். அவள் முறை வந்தது. நாற்காலியில் நுனியில் உட்கார்ந்து எல்லோரையும் போல ஆரம்பித்தாள். ராமாபுரம், கிணறு, பாறை. நான் சலிப்போடு பேனாவை உருட்டிக்கொண்டிருந்தேன். தட்டு வந்தது. அவள் கைகள் இரண்டும் நெற்றிக்கு மேலே போயின. விரல்கள் வட்டமாகக் குவிந்தன.

என் கையிலிருந்து பேனா விழுந்தது. அந்தக் கை நோட்ஸில் இல்லை. கிருஷ்ணஸ்வாமி அதைச் செய்து காட்டியதும் இல்லை. அன்று அந்த அறையில் இருந்தவர்களில் கந்தசாமி அப்படிச் செய்ததைப் பார்த்தவர்கள் அவரும் நானும் மட்டுமே. அவரோ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். வாரா வாரம் அப்படித்தான் கேட்பார். ஜன்னல் திறந்திருந்தும் எனக்கு மூச்சு முட்டியது. அப்பா சொன்ன காற்றெல்லாம் அப்போது எங்கேயோ போய்விட்டது.

வகுப்பு முடிந்ததும் வராந்தாவில் அவளைப் பிடித்தேன். "அந்தக் கையை உனக்கு யார் காட்டிக் கொடுத்தா?" என்று கேட்டேன்.

ஆண்டாள் தலையைக் குனிந்துகொண்டாள். "எங்க அண்ணன்தானுங்க மேடம்."

"கந்தசாமியா?"

"ஆமாங்க. நான் மாமா வீட்டுல இருந்து படிச்சனுங்க. அதான் குண்டலுபேட்டைன்னு எழுதிக் கொடுத்தது."

பயம் போய் எனக்குக் கோபம் வந்தது. பெற்ற தாய்க்கு அடுத்தபடி அவனுக்கு உரியவள் இவள். இவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு அத்தனை பேரும் அவனை ஒப்பித்திருக்கிறார்கள். "இன்னிக்கே சார்கிட்ட சொல்றேன். இந்தக் கூத்தை நிறுத்தியே ஆகணும்" என்றேன்.

அவள் சட்டென்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேண்டாங்க மேடம். நிறுத்திடாதீங்க. அண்ணன் போட்டோகூட எங்க வீட்டுல இல்லீங்க. அம்மா பாக்க முடியாம எல்லாத்தையும் எடுத்துருச்சு. இங்க சனிக்கிழமையானா அண்ணன் பேசுதுங்க. அதைக் கேக்கத்தானுங்க வந்து உக்காந்திருக்கறேன்."

"கிறுக்கா பிடிச்சிருக்கு உனக்கு?" என்றேன். சொன்ன பிறகு என் கண்ணும் கலங்கிவிட்டது. அன்று நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் வேறு ஒரு நாள் வந்துகொண்டிருந்தது. நான் பெங்களூருக்கு நடையாய் நடந்து, அந்த நிலத்தடி நீர் அலுவலகத்தின் இன்டர்வியூ போர்டை எங்கள் துறைக்கே வரவழைத்திருந்தேன். கந்தசாமி வேலை பார்த்த அதே அலுவலகம்தான். மூன்று இடம் காலி இருந்தது. ஆண்டாளுக்கு அதில் ஒன்று கிடைத்தே ஆக வேண்டும். அவள் அம்மா செல்லக்கண்ணு, இந்த ஒரு இன்டர்வியூ மட்டும்தான், கிடைக்காவிட்டால் நேராக வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். ஒரு பிள்ளையைக் கிணற்றுக்குக் கொடுத்தவள் அப்படிச் சொன்னதே பெரிது.

போர்டு வருவதற்கு முன்னால் வகுப்பைக் கூட்டி வைத்துச் சொன்னேன். "தயவு செய்து அந்தக் கிணற்றை விட்டுவிடுங்கள். அவரவர் கதையை அவரவர் சொல்லுங்கள்." வக்கீல் மகன் எழுந்து, ரொம்ப மரியாதையாக, கன்னடத்தில் கேட்டான்: அது நோட்ஸில் இல்லையே மேடம்?

ஆண்டாளைத் தனியாகக் கூப்பிட்டேன். "நீயாவது வேற ஏதாவது சொல்லும்மா. அவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லப் போறாங்க."

"வேற என்னங்க சொல்றது? அது எங்க வீட்டுக் கிணறுங்களே" என்றாள். அந்த வகுப்பில் அதைச் சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். அத்தனை பேரும் அதையே சொல்லும்போது அவள் சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

போர்டில் இருவர் வந்தார்கள். தலைவர் வெங்கடராமன், தலை நரைத்த என்ஜினியர். இன்னொருவர் மல்லப்பன், கொள்ளேகால்காரர், தமிழ் நன்றாகப் புரியும். மூலையில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். கிருஷ்ணஸ்வாமி உள்ளே வரவில்லை. வராந்தாவில் ஜன்னல் ஓரமாக நின்றுகொண்டார். எங்கள் ஆபீஸ் வழக்கப்படி பெண் பெயரைப் பட்டியலின் கடைசியில் போட்டிருந்தார்கள்.

முதல் பையன் கிணற்றைச் சொன்னான். வெங்கடராமன் உருகிப்போய்விட்டார். இரண்டாமவன் ஆரம்பித்ததும் நிமிர்ந்து பார்த்தார். அடுத்தவன் வாய் திறந்ததும் மல்லப்பன் என் பக்கம் திரும்பி, "ஏன் மேடம், எல்லரூ ஒந்தே ஊரா?" என்று கேட்டுச் சிரித்தார். எல்லோருக்கும் ஒரே ஊராம். எனக்கு அவமானத்தில் காது சுட்டது. அதற்குப் பிறகு வந்தவர்களிடம், "கிணற்றை விட்டுவிட்டு ஏதாவது சொல்லப்பா" என்றார் வெங்கடராமன். அதுதான் இன்னும் பயங்கரமாக இருந்தது. பையன்கள் வாயைத் திறந்தார்கள். ஒன்றும் வரவில்லை. திறந்த வாயோடு உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் மகன் எச்சில் மட்டும் விழுங்கினான்.

கடைசியில் ஆண்டாள் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். காகிதத்தில் பெயரைப் பார்த்த வெங்கடராமன் கேலியாகத் தமிழிலேயே கேட்டார். "வாம்மா. நீயும் கிணத்துல இறங்கினியா?"

நான் புடவைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லீங்க சார்" என்றாள் ஆண்டாள். "நான் எறங்கலீங்க. எங்க அண்ணன் எறங்குச்சு. நான் மேல நின்னனுங்க."

வெங்கடராமனின் சிரிப்பு பாதியில் நின்றது.

"கயிறு என் கையில இருந்துச்சுங்க. அப்ப நான் சின்னப் புள்ள. அண்ணன் கீழ இருந்து வானத்தைப் பாத்துச்சு. நான் மேல இருந்து இருட்டைத்தான் பாத்தனுங்க. இருட்டுக்குள்ள ரெண்டு கை மட்டும் தட்டாட்டம் தெரிஞ்சுது. அண்ணா, அண்ணான்னு கூப்புட்டுட்டே இருந்தனுங்க. ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லுச்சு. பதில் வர்ற வரைக்கும் எனக்கு உசிரு இருக்காதுங்க."

கொஞ்சம் நிறுத்தினாள். அது யாரும் எழுதிக் கொடுத்த நிறுத்தம் இல்லை.

"குண்டலுபேட்டைல எறங்குனப்ப மேல நின்னு கூப்புட யாருமே இல்லீங்க."

"குண்டலுபேட்டை..." என்று இழுத்தார் வெங்கடராமன். அவர் முகம் மாறியது. "கந்தசாமி உன் அண்ணனா?"

"ஆமாங்க சார். எறங்கறதுக்கு ஆளு கெடைப்பாங்க. மேல நிக்கறதுக்குத்தானுங்க ஆளு வேணும். அதுக்குத்தான் வந்திருக்கறேன்."

மல்லப்பன்தான் மெதுவாகக் கேட்டார், உள்ளே கெட்ட காற்று இருப்பது எப்படித் தெரியும் என்று. "மொதல்ல வெளக்கைக் கயித்துல கட்டி விட்டுப் பாப்பனுங்க. அது அணைஞ்சா, எத்தனை பெரிய ஆபீசர் வந்து சொன்னாலும் ஒருத்தரையும் எறங்க விடமாட்டேன்" என்றாள். வெங்கடராமன் அடுத்த கேள்வி கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, போய் வாம்மா என்று கை கூப்பினார். இன்டர்வியூவுக்கு வந்த பெண்ணைப் பார்த்து போர்டு தலைவர் கை கூப்பியதை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

அவளை எடுத்துக்கொண்டார்கள். மற்ற இரண்டு இடங்களையும் காலியாகவே விட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பையன்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது. ஒருவனும் மக்கு இல்லை.

போர்டு சாப்பிடப் போன பிறகு கிருஷ்ணஸ்வாமி உள்ளே வந்தார். ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் கேட்டிருந்தார். ஆண்டாள் எதிரே வந்து நின்றவருக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"அவன் தங்கையாம்மா நீ? என் க்ளாஸ்லயே உக்காந்துண்டு ஒரு வார்த்தை சொல்லலியே."

"சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பீங்களேங்க சார்."

அவர் அழுதுவிட்டார். வயசான மனிதர், குழந்தை மாதிரி அழுதார். அவளும் அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"போதுங்க சார். அண்ணன் ரொம்ப நாளா உள்ளயே இருக்குது. மேல ஏத்தி விட்டுருவோங்க."

அடுத்த ஜூன், முதல் சனிக்கிழமை. புது வகுப்பு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தது. கிருஷ்ணஸ்வாமி எழுந்தார். எழுதிக்கோங்கோ என்று சொல்லவில்லை. "நோட்டை மூடுங்கோ" என்றார். முதல் பையனைக் கூப்பிட்டு உட்கார வைத்து அந்தக் கேள்வியைக் கேட்டார். பையன் பெயரைச் சொன்னான், அப்பா பெயரைச் சொன்னான், மார்க்கைச் சொன்னான், விட்டத்தைப் பார்த்தான். நாங்கள் இருவரும் காத்திருந்தோம். என்னை அறியாமல் நான் அந்தக் கிணற்றுக்காகத்தான் காத்திருந்தேன். அது வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து பையன் தலையைச் சொறிந்துகொண்டு, "எனக்குக் கல்லே பிடிக்காது சார். டாக்டர் சீட் கிடைக்கலை, அப்பா இதுல சேர்த்துட்டார்" என்றான்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. கிருஷ்ணஸ்வாமியும் சிரித்தார். "சரி, அதைச் சொல்லு, கேக்கறேன்" என்று நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கந்தசாமி இப்போது இங்கே இல்லை என்று எனக்குத் தெரிந்தது. செய்தி வந்த அன்றுகூட நான் அழவில்லை. அன்று, அத்தனை பேர் சிரித்துக்கொண்டிருந்த அந்த அறையில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.